டாங்கிள் செருகினால் சிடி வருகிறது: லினக்ஸில் யூஎஸ்பி வைஃபை

கேள்வி | 2024 ஜூன் 8

லினக்ஸ் மின்ட் 21.3, மேசைக் கணினி. ரவுட்டர் கீழே ஹாலில், நான் மாடியில். சுவரில் ஓட்டை போட்டு கேபிள் இழுக்க வீட்டில் விடமாட்டார்கள். அதனால் ஏசி600 என்று போட்ட யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கினேன். பெட்டியில் லினக்ஸ் என்றும் அச்சடித்திருக்கிறது. செருகினால் வைஃபை வரவில்லை, டெஸ்க்டாப்பில் சிடி ஐகான் வருகிறது. திறந்தால் உள்ளே விண்டோஸ் செட்டப் ஃபைல். லினக்ஸுக்கும் யூஎஸ்பி வைஃபைக்கும் ஒத்தே வராது, விண்டோஸுக்குத் திரும்பு என்கிறான் நண்பன். திரும்பிவிடவா?

ஜூன் 8, இரவு

நண்பனைக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லுங்கள்.

டாங்கிள் கெட்டுப்போகவில்லை, அது நடிக்கிறது. விண்டோஸில் முதல் தடவை செருகும்போது டிரைவர் எங்கே என்று ஆள் தேடக் கூடாது என்பதற்காக, தன்னை ஒரு சிடி டிரைவ் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வரும். செட்டப்பை ஓட்டி முடித்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு வைஃபையாக மாறும். லினக்ஸில் அந்தச் செட்டப் ஓடாது, அதனால் சிடியாகவே உட்கார்ந்திருக்கிறது.

இது புதிய வித்தை இல்லை. 2010 வாக்கில் நம் ஊரில் எல்லோரும் 3ஜி டாங்கிள் வைத்துக்கொண்டு அலைந்தோமே, அதுவும் இதையேதான் செய்தது. மோடத்தை இணைக்கும் டபிள்யூவிடயல் நிரலின் கான்ஃபிக் ஃபைலில் *99# என்று எழுதிக்கொண்டு மொட்டை மாடியில் சிக்னல் தேடியவர்களுக்கு நினைவிருக்கும். யூஎஸ்பி-மோடுஸ்விட்ச் என்ற கருவி அந்த மோடங்களின் வேஷத்தைக் கலைக்க எழுதப்பட்டதுதான்.

இப்போதைக்கு எந்த டிரைவரையும் இறக்காதீர்கள். டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி (செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளை) என்று தட்டி, டாங்கிள் இல்லாமல் ஒரு தடவை, செருகி ஒரு தடவை, வருவதை அப்படியே இங்கே போடுங்கள். கூடுதலாக வரும் வரி எதுவோ அதுதான் நம் ஆள். கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஜூன் 9, காலை

போட்டிருக்கிறார். கூடுதல் வரியில் இருக்கும் எண் 0பிடிஏ:1ஏ2பி. பக்கத்தில் ஆர்டிஎல்8188ஜியூ என்று சிப் பெயரும் வந்திருக்கிறது. உடனே 8188ஜியூ டிரைவரைத் தேடி இறக்கி, கம்பைல் செய்து, திரையெல்லாம் சிவப்பாக எரர் வந்த படத்தையும் போட்டிருக்கிறார். தம்பி, இறக்காதீர்கள் என்று நேற்று எழுதினேனே.

அந்தப் பெயரை நம்பக் கூடாது. எல்எஸ்யூஎஸ்பி காட்டும் பெயர் டாங்கிள் வாயிலிருந்து வருவது இல்லை. கணினியில் இருக்கும் ஒரு பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே யாரோ பதிந்து வைத்தது. 1ஏ2பி என்ற எண்ணை ரியல்டெக்கின் பல சிப்கள் சிடி வேஷத்தில் இருக்கும்போது பொதுவாகப் பயன்படுத்துகின்றன. முதலில் பதிந்தவர் கையில் 8188ஜியூ இருந்திருக்கும், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஏசி600 டாங்கிளில் 8188ஜியூ இருக்கவும் முடியாது. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பேசும் சிப். 5 கிகாஹெர்ட்ஸில் 433, 2.4-இல் 150, இரண்டையும் கூட்டிச் சற்று மேலே தள்ளி 600 என்று பெட்டியில் போடுகிறார்கள். ஒரே நேரத்தில் 600 யாருக்கும் கிடைக்காது என்பது தனிக்கதை.

வேஷம் கலைந்தால்தான் உள்ளே என்ன சிப் என்று தெரியும். சிடியை எஜெக்ட் செய்யுங்கள். ஐகான் மேல் ரைட் கிளிக் செய்தாலும் சரி, டெர்மினலில் எஜெக்ட் கட்டளை கொடுத்தாலும் சரி.

ஜூன் 9, மதியம்

எஜெக்ட் கொடுத்ததும் கணினியின் டிவிடி டிரே வெளியே வந்து நாக்கை நீட்டியதாம். சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். உங்கள் கணினியில் நிஜமாகவே ஒரு டிவிடி டிரைவ் இருக்கிறது. லினக்ஸ் வைக்கும் பெயரில் அது எஸ்ஆர்0, டாங்கிள் எஸ்ஆர்1. எண்ணைச் சொல்லாமல் கொடுத்தால் நிஜ டிரைவ்தான் திறக்கும். எஸ்ஆர்1 என்று சொல்லிக் கொடுங்கள்.

ஜூன் 9, மாலை

இப்போது 0பிடிஏ:சி811. ஆர்டிஎல்8811சியூ. இதுதான் உண்மையான முகம்.

அடுத்து எல்எஸ்யூஎஸ்பி-க்குப் பக்கத்தில் இடைவெளி விட்டு, ஒரு கோடும் சின்ன டி (t) எழுத்தும் சேர்த்துத் தட்டுங்கள். மரம்போல் ஒரு படம் வரும். டாங்கிள் வரியில் 'டிரைவர்=' என்பதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். யூஎஸ்பி-ஸ்டோரேஜ் என்றிருந்தால் இன்னும் சிடி வேஷம். வெறுமையாக இருந்தால் கெர்னலிடம் (லினக்ஸின் மையப் பகுதி) இதற்கான டிரைவர் இல்லை, அல்லது இருந்தும் ஏறவில்லை. ஆர்டிடபிள்யூ என்று தொடங்கினால் டிரைவர் ஏறிவிட்டது, சிக்கல் அதற்கு மேலே எங்கேயோ. பாதிப் பேருக்கு இந்த ஒரு வரியைப் பார்த்தாலே எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும். ஆனால் பாதிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை, நேராக டிரைவர் இறக்கப் போய்விடுகிறார்கள்.

உங்களுக்கு வெறுமை. காரணம் எளிது. மின்ட் 21.3 வரும்போது கூட வருவது 5.15 கெர்னல். 8811சியூ, 8821சியூ, 8822பியூ போன்ற சிப்களுக்கு ஆர்டிடபிள்யூ88 டிரைவரில் யூஎஸ்பி ஆதரவு வந்தது 6.2-இல். அப்டேட் மேனேஜரில் வியூ மெனுவுக்குள் லினக்ஸ் கெர்னல்கள் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் 6.5 வரிசையை நிறுவிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய 5.15-ஐ அழிக்க வேண்டாம். புதியது மக்கர் செய்தால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வரலாம்.

'நெட் வருவதற்கு டிரைவர் வேண்டும், டிரைவர் வருவதற்கு நெட் வேண்டும்' என்று அடுத்த வரியில் புலம்பியிருக்கிறீர்கள். போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். கணினிக்கு அது ஒரு ஈதர்நெட் கார்டு போலத்தான் தெரியும், தனி டிரைவர் கேட்காது. போன் வீட்டு வைஃபையிலேயே இருந்தால் டேட்டாவும் போகாது.

ஜூன் 10

வேலை செய்கிறதாம். ஆனால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் சிடியாகவே வருகிறதாம். யூஎஸ்பி-மோடுஸ்விட்ச் பொதியையும் அதன் டேட்டா பொதியையும் நிறுவுங்கள். நிறைய பேருக்கு அதுவே போதும், செருகியதும் தானாக மாறும். போதவில்லை என்றால், சாதனத்தைச் செருகும்போது என்ன செய்வது என்று சொல்லும் யூடெவ் விதி ஒன்று எழுத வேண்டும்: 0பிடிஏ:1ஏ2பி வந்தால் மோடுஸ்விட்சைப் பெரிய கே ஆப்ஷனோடு ஓட்டு என்று ஒரே வரி. பெரிய கே என்றால் எஜெக்ட்.

ஜூன் 11

யூஎஸ்பி டிஸ்க், சிடிகளைக் கவனிக்கும் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் டிரைவரின் குவிர்க்ஸில் (விதிவிலக்குப் பட்டியல்) அந்த எண்ணைப் போட்டு ஐ எழுத்தைச் சேர்த்தால் போதும், மோடுஸ்விட்ச் எல்லாம் எதற்கு என்று இன்னொருவர் கேட்கிறார். ஐ என்றால் கண்டுகொள்ளாதே. அதாவது யூஎஸ்பி-ஸ்டோரேஜ் இந்தச் சாதனத்தைத் தொடாது. சிடி ஐகான் மறையும். ஆனால் டாங்கிள் தானாக வைஃபை ஆகிவிடாது, வேஷத்தோடு மூலையில் நிற்கும்.

ஜூன் 11, பிறகு

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். யூஎஸ்பி-ஸ்டோரேஜ் முந்திக்கொண்டு டாங்கிளைப் பிடித்துவிட்டால், மோடுஸ்விட்ச் சொல்வது சில நேரம் உள்ளே எடுபடாது. பூட் ஆகும்போது சில நாள் மாறுகிறது, சில நாள் மாறவில்லை என்று தடுமாறினால் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கலாம். குவிர்க் தனியாக மருந்து இல்லை, துணை மருந்து.

ஜூன் 14

'இணைப்பு வருகிறது, சும்மா விட்டுவிட்டு சாப்பிடப் போய் வந்தால் செத்துக் கிடக்கிறது.'

மின் சேமிப்பு. இரண்டு இடத்தில் பாருங்கள். ஒன்று நெட்வொர்க் மேனேஜர்: கான்ஃப்.டி அடைவுக்குள் டீஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன் என்று ஒரு ஃபைல் இருக்கும், அதில் வைஃபை.பவர்சேவ் = 3 என்றிருக்கும். 3 என்றால் போடு, 2 என்றால் எடு. 2 ஆக்கிவிட்டு நெட்வொர்க் மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மற்றது யூஎஸ்பி ஆட்டோசஸ்பெண்ட். சும்மா இருக்கும் சாதனத்தைத் தூங்க வைக்கும் வேலை, கெர்னலில் இயல்பாக 2 நொடி. கெர்னல் வரியில் யூஎஸ்பிகோர்.ஆட்டோசஸ்பெண்ட்=-1 கொடுத்தால் யாரையும் தூங்க வைக்காது. லேப்டாப்பில் இதைப் போட எனக்கு மனம் வராது, பேட்டரி பாவம். மேசைக் கணினிக்குத் தாராளமாகப் போடலாம்.

முதலாவதை மட்டும் செய்து ஒரு நாள் பாருங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போகும்.

ஜூன் 15

கடவுச்சொல் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்று எழுதியவருக்கு: வைஃபை தேடும்போது நெட்வொர்க் மேனேஜர் ரகசியம் காக்க மேக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்) மாற்றிக்கொண்டே இருக்கும். சில யூஎஸ்பி டிரைவர்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. கான்ஃபிக்கில் டிவைஸ் பகுதியில் வைஃபை.ஸ்கேன்-ராண்ட்-மேக்-அட்ரஸ்=நோ என்று போட்டுப் பாருங்கள். அடுத்த சந்தேகம் ரவுட்டர். பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலவையில் வைத்திருந்தால் சிறிது நேரம் டபிள்யூபிஏ2 மட்டும் வைத்து சோதியுங்கள்.

ஜூன் 17

செக்யூர் பூட், அதாவது கணினி தொடங்கும்போது கையெழுத்து உள்ள நிரலை மட்டும் உள்ளே விடும் காவல், அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதினால்தான் சரிப்படும்.

கெர்னலோடு வரும் டிரைவர்களுக்கு டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். கிட்ஹப் என்ற நிரல் தளத்திலிருந்து எடுத்து, ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரை மறுபடி கட்டித் தரும் டிகேஎம்எஸ் வழியாக நாமே கம்பைல் செய்யும் டிரைவருக்கு நாம்தான் கையெழுத்துப் போட வேண்டும். செக்யூர் பூட் ஆன் ஆக இருந்தால் கையெழுத்து இல்லாத டிரைவரை கெர்னல் வாசலிலேயே நிறுத்திவிடும். இதில் குழப்பம் எங்கே என்றால், கம்பைல் ஒரு எரரும் இல்லாமல் முடியும். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கேட்டால் நிறுவப்பட்டது என்று சொல்லும். வைஃபை மட்டும் வராது. டிரைவரை ஏற்றும் மோட்ப்ரோப் கட்டளையைக் கையால் கொடுத்தால்தான் 'கீ வாஸ் ரிஜெக்டெட் பை சர்வீஸ்' என்று ஒரு வரி வரும்.

உபுண்டு, மின்ட் வகையறாவில் டிகேஎம்எஸ் டிரைவர் நிறுவும்போது நடுவில் ஒரு கடவுச்சொல் கேட்கும். அது உங்கள் லாகின் கடவுச்சொல் இல்லை. அடுத்த பூட்டில் ஒரே ஒரு தடவை பயன்படப் போகிற தற்காலிகச் சொல். ரீஸ்டார்ட் செய்ததும் நீல நிறத் திரை வரும், மேலே மோக் மேனேஜ்மெண்ட் என்று இருக்கும் (மோக் என்றால் கணினி உரிமையாளரின் சாவி). சில நொடிகளுக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தாவிட்டால் அது பாட்டுக்கு பூட் ஆகிவிடும். அழுத்தினால் பட்டியல் வரும். முதலில் நிற்பது 'கன்டினியூ பூட்', அவசரத்தில் எல்லோரும் என்டர் தட்டுவது அதில்தான். இரண்டாவதான என்ரோல் மோக்கைத் தேர்ந்தெடுத்து அந்தத் தற்காலிகச் சொல்லைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் மோக்யூடில் கட்டளையை வைத்து மறுபடி இம்போர்ட் கொடுத்து முதலிலிருந்து.

மச்சான் வீட்டில் இதைச் செய்யப் போனபோது ஒரு வேடிக்கை. நீலத் திரை வந்துவிட்டது, நொடி குறைந்துகொண்டே போகிறது, அவன் விசைப்பலகையை என்ன தட்டினாலும் அசைவில்லை. ப்ளூடூத் விசைப்பலகை! ப்ளூடூத்தை எழுப்புவதே லினக்ஸ்தான், லினக்ஸ் இன்னும் ஏறவே இல்லை. அலமாரிக்கு மேலே தூசியில் கிடந்த கேபிள் விசைப்பலகையை அவன் இறக்கிக்கொண்டு வருவதற்குள் கணினி பூட் ஆகி லாகின் கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடி மோக்யூடில். சின்ன டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் விசைப்பலகைகளுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, பயாஸுக்கு அவை சாதாரண யூஎஸ்பி விசைப்பலகையாகத்தான் தெரியும்.

'செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் ஆயிற்று' என்பீர்கள். ஆயிற்றுதான். ஆனால் கெர்னலிலேயே டிரைவர் இருக்கும் சிப்பாகப் பார்த்து வாங்கினால் இந்த நீலத் திரையைப் பார்க்கவே வேண்டாம், ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டிலும் ஹெடர் ஃபைல் இல்லை, டிகேஎம்எஸ் பாதியில் நின்றது என்ற கூத்தும் வேண்டாம்.

ஜூன் 19

அப்படியானால் எதை வாங்குவது என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்கிறீர்கள்.

பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், சிப்பைப் பார்த்து வாங்குங்கள். மீடியாடெக் எம்டி7601யூ கெர்னலில் 4.2 முதல் இருக்கிறது. மலிவு, 2.4 மட்டும். எம்டி7612யூ 4.19 முதல், இரண்டு பேண்டும் உண்டு. வைஃபை 6 வேண்டுமென்றால் எம்டி7921ஏயூ, அதற்குக் கெர்னல் புதிதாக இருக்க வேண்டும். பழையதில் ஏதெரோஸ் ஏஆர்9271 தங்கம். அதன் ஃபர்ம்வேருக்குக்கூட (சிப்புக்குள் ஓடும் நிரல்) மூல நிரல் வெளியிட்டிருக்கிறார்கள், வைஃபை உலகில் அபூர்வம். வேகம் 150 தான், 2.4 மட்டும்.

ஒரே மாடல் பெயரில் உள்ளே சிப் மாறுவதும் சகஜம். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏஆர்9271, இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக். பழைய பதிவுகளில் 'லினக்ஸுக்கு இதுதான் பெஸ்ட்' என்று படித்துவிட்டு வாங்கப் போகிறவர்கள், பின்பக்க ஸ்டிக்கரில் வி1-ஆ வி2-ஆ என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

ஜூன் 20

வயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டு ஓடுகிறது, பேட்டரி மாற்றியும் பயனில்லை என்றவரிடம் ஒரு கேள்வி: மவுஸ் ரிசீவருக்குப் பக்கத்துத் துளையில் என்ன செருகியிருக்கிறீர்கள்?

ஜூன் 20, இரவு

நினைத்தேன். யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்.

இது லினக்ஸ் கோளாறே இல்லை, இயற்பியல். யூஎஸ்பி 3.0 தகவலை 5 ஜிபிபிஎஸ் வேகத்தில் தள்ளும்போது அதன் ரேடியோ இரைச்சல் அகலமாகப் பரவுகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸும் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. இன்டெல் 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கையே போட்டது. யூஎஸ்பி 3 டிஸ்க் செருகியதும் 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரை இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபெல் உயர்ந்ததாம். 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு. இரைச்சலும் மவுஸ் பேசும் அதே அலைவரிசையில்தான் இருக்கிறது, வடிகட்டவும் வழியில்லை. பக்கத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது காதில் ரகசியம் சொல்வது போலத்தான் மவுஸின் நிலைமை.

மருந்து ஒரு சின்ன யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிள். ரிசீவரைக் கணினிக்குப் பின்னாலிருந்து எடுத்து மேசை மேல் கொண்டுவந்து வையுங்கள். ரிசீவருக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் தூரம் கூடக் கூட நல்லது. வைஃபை டாங்கிளுக்கும் இதே வைத்தியம். டிஸ்கில் பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது மட்டும் வைஃபை மந்தமானால் சந்தேகமே வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினாலும் தப்பிக்கலாம்.

ஜூன் 22

'வயர்லெஸ் யூஎஸ்பி என்றே ஒரு தரம் இருந்ததே, என்ன ஆயிற்று' என்று ஒரு பழைய ஆள் கேட்டிருக்கிறார். தலைப்புக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இருந்தது. 2005-இல் வரையறை வந்தது. அல்ட்ரா வைட் பேண்ட் அலையில், 3 மீட்டருக்குள் 480 எம்பிபிஎஸ், 10 மீட்டரில் 110. கேபிளே இல்லாமல் பிரிண்டர், கேமரா, டிஸ்க் எல்லாம். லினக்ஸில் 2.6.28 கெர்னலிலேயே, 2008 டிசம்பரில், ஆதரவு வந்துவிட்டது. சாதனங்கள்தான் வரவில்லை. வந்த சிலவற்றையும் யாரும் சீண்டவில்லை. கடைசியில் 2019-இல் அந்த நிரலை 5.4 கெர்னலில் ஸ்டேஜிங் என்ற ஓரப் பகுதிக்கு ஒதுக்கினார்கள், அடுத்த வருடம் 5.7-இல் தூக்கியே போட்டார்கள். டிரைவர் இல்லாமல் தவிக்கும் சாதனங்களையே இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். இது சாதனம் இல்லாமல் தவித்த டிரைவர்.

கேபிள் இல்லாமல் அடுத்த அறையில் இருக்கும் பிரிண்டரை இங்கே செருகியது போல் காட்ட வேண்டுமென்றால் இப்போது யூஎஸ்பிஐபி இருக்கிறது. அது வீட்டு நெட்வொர்க் வழியே போகும், டிசிபி போர்ட் 3240. வெப்கேமுக்கு வைத்துப் பார்த்தேன், படம் தந்தி அடித்தது. ஸ்கேனருக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

ஜூன் 27

லாரி ஃபிங்கர் 21ஆம் தேதி காலமானார் என்று லினக்ஸ் வயர்லெஸ் அஞ்சல் பட்டியலில் வந்திருக்கிறது. வயது 84. 2005-இல் பிராட்காம் சிப்களுக்கு டிரைவர் எழுதும் வேலையில் கை வைக்கத் தொடங்கியவர், கெர்னலுக்குள் 1,500-க்கும் மேற்பட்ட திருத்தங்கள் அவர் பெயரில் இருக்கின்றன. ரியல்டெக் டிரைவர்களை உள்ளே கொண்டுவந்ததிலும், கொண்டுவர முடியாதவற்றைப் பழைய கெர்னல்காரர்களுக்காக கிட்ஹப்பில் பராமரித்ததிலும் அவர் பங்கு பெரிது. என்டிஸ்ராப்பரில் விண்டோஸ் டிரைவரைத் திணித்து வைஃபை ஓட்டிய காலத்து ஆட்களுக்கு இதன் அருமை தெரியும். கேள்வி கேட்பவர் புதியவரா விஷயம் தெரிந்தவரா என்று பார்க்காமல் பதில் எழுதுவார். உங்கள் எல்எஸ்யூஎஸ்பி வெளியீட்டைப் போடுங்கள் என்று கேட்கும் பழக்கமே எனக்கு அவர் பதில்களைப் படித்து வந்ததுதான்.

ஜூலை 6

ப்ளூடூத் டாங்கிள் வேலை செய்யவில்லை என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. எல்எஸ்யூஎஸ்பி-யில் 0ஏ12:0001 என்று வந்தால் அது சிஎஸ்ஆர் நிறுவனத்தின் சிப்பாக இருக்கலாம், சிஎஸ்ஆர் என்று சொல்லிக்கொள்ளும் போலியாகவும் இருக்கலாம். போலிகளைச் சமாளிக்கும் நிரல் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் எல்லாப் போலிகளுக்கும் பலிப்பதில்லை. 0பிடிஏ:8771 என்றால் ஆர்டிஎல்8761பியூ. அதற்கு ஃபர்ம்வேர் ஃபைல் வேண்டும். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி-யில் 'ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்டு, எரர் -2' என்றிருந்தால் ஃபைல் இல்லை என்று அர்த்தம், லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியைப் புதுப்பியுங்கள். எரர் -71 என்று வரிசையாகக் கொட்டினால் ஃபர்ம்வேர் பக்கமே போகாதீர்கள். கேபிள், ஹப், மின்சாரம், துளை, இந்த வரிசையில் பாருங்கள். முன்பக்கத் துளையில் செருகியிருந்தால் முதலில் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள்.

ஆகஸ்ட் 3

மின்ட் 22-க்கு ஏறியவர்களுக்கு. கெர்னல் 6.8, நம் 8811சியூ எதையும் நிறுவாமலே வர வேண்டும். கேள்வி கேட்ட தம்பிக்கு அப்படியே வந்துவிட்டதாம், நண்பனும் ஒரு டாங்கிள் வாங்கியிருக்கிறானாம்.

வராதவர்கள், முன்பு டிகேஎம்எஸ் டிரைவர் போட்டவர்கள்தான். அந்த நிறுவல் ஸ்கிரிப்ட் போகிற போக்கில் மோட்ப்ரோப்.டி அடைவுக்குள் ஒரு கான்ஃப் ஃபைல் எழுதிவைக்கும். அதில் பிளாக்லிஸ்ட் ஆர்டிடபிள்யூ88_8821சியூ என்று ஒரு வரி இருக்கும், கெர்னலின் சொந்த டிரைவர் குறுக்கே வரக் கூடாது என்பதற்காக. பழைய டிரைவர் புதிய கெர்னலில் கம்பைல் ஆகாது, சொந்த டிரைவருக்கோ தடை. இரண்டும் கெட்டான். டிகேஎம்எஸ் ரிமூவ் கொடுத்து, அந்த ஃபைலை அழித்து, இனிட்ராம்எஃப்எஸ்-ஐ (பூட் ஆகும்போது முதலில் ஏறும் தொகுப்பு) புதுப்பித்து, ரீஸ்டார்ட்.